சங்குச் சுருதி

குமுளியில் ஒரு தங்கும் விடுதியின் வாசலைப் பார்த்துக்கொள்வது பொன்ராஜின் வேலை. அதற்கு முன்னால் முப்பத்தொரு வருஷம் மூணாறுப் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரியில் இலை உலர்த்துகிற டிரையர் ஓட்டியவர். ஒரு சாயங்காலம் மகள் மோனிஷா வந்து கைப்பேசியை அவர் காதில் வைத்தாள். நாலு சுரம்தான் கேட்டிருக்கும். கையிலிருந்த சாவிக்கொத்தை மெல்லக் கீழே வைத்துவிட்டார்.

விஷயம் இதுதான். கிட்டார் உலகத்துச் செய்திகளைப் போடுகிற இணையப் பக்கம் ஒன்றில் ஒரு பழைய கிட்டார் வாசிப்பைப் போட்டிருந்தார்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால் மலை பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரி பதிவு செய்துபோன கேசட், அவள் காலமான பிறகு பெட்டியில் கிடைத்திருக்கிறது. 'இடுக்கி, ஃபேக்டரி ஆள்' என்று மட்டும் மேலே எழுதியிருந்ததாம். பன்னிரண்டு நிமிஷ வாசிப்பு. தந்திகள் வழக்கமான சுருதிக்குச் சற்றே கீழே, எந்தக் கணக்கிலும் சேராத ஓரிடத்தில் நிற்கின்றன, இது என்ன புது முறை என்று ஆளாளுக்கு ஆராய்ந்திருந்தார்கள். வாசித்தவர் யாரென்று தெரிந்தால் சொல்லுங்கள் என்றும் கேட்டிருந்தார்கள்.

கேசட்டின் கடைசியில் ஒரு குரல், "ஏலே மணி, மழை வருது, உள்ள வா" என்கிறது. அது பொன்ராஜின் குரல். மோனிஷாவுக்கு அது போதுமாயிருந்தது. மணி யார் என்றுகூடக் கேட்காமல், 'இது எங்கப்பா' என்று எழுதிப் போட்டுவிட்டுத்தான் அவரிடம் வந்தாள். அப்பனைப் பெரிய ஆளாகப் பார்க்கிற ஆசை எந்தப் பிள்ளைக்குத்தான் இல்லை? மனைவி வேலுத்தாய் மட்டும் அடுப்படியிலிருந்து அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

வாசித்தது சுடலைமணி. அதே ஃபேக்டரியில் இலை அரைக்கிற பக்கம் வேலை பார்த்தவன், பொன்ராஜின் சிநேகிதன். கல்யாணமாகி மனைவியின் ஊரான மறையூருக்கு, வெல்லம் காய்ச்சுகிற ஆலைக்குப் போனபோது, "அங்க வீடு பாத்துட்டு வந்து எடுத்துக்கிடுதேன், பத்திரம்லே" என்று கிட்டாரைப் பொன்ராஜின் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

பத்திரமாகத்தான் வைத்தார், பாவம். அந்த வருஷம் ஆடி மழை விடவே இல்லை. தொழிலாளிகள் குடியிருந்த லயத்துச் சுவரெல்லாம் பூஞ்சை. மழைக்காலத்தில் சட்டை, தலையணை, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பை எல்லாவற்றையும் டிரையர் பக்கம் கொண்டுவந்து காயவைப்பது ஃபேக்டரி ஆட்களின் வழக்கம். கிட்டாரையும் அங்கேதான் மாட்டினார். மூன்றாம் நாள் பார்த்தால், பசை விட்டு முதுகுப் பலகை வாய் பிளந்து கிடந்தது.

சுடலைமணி இரண்டு தடவை வந்தான், இரண்டு பஸ் மாறி. இரண்டு தடவையும் பொன்ராஜ் கதவுக்குப் பின்னால் நின்றார். வேலுத்தாய்தான் வாசலுக்குப் போய், அவுக வீட்ல இல்லையே என்றாள். மூன்றாவது தடவை அவன் வரவில்லை. இவரும் போகவில்லை. அப்புறம் போகலாம், அப்புறம் போகலாம் என்றே வருஷங்கள் போய்விட்டன.

மோனிஷா எழுதியதைப் பார்த்து ஞாயிற்றுக்கிழமை, அந்த இணையப் பக்கத்துக்காக எழுதுகிற ஜின்சன் கோட்டயத்திலிருந்து வந்தான், தோளில் ஒரு கிட்டாரோடு. மோனிஷா விடுதி முதலாளியைக்கூடக் கூட்டிவந்து உட்கார வைத்திருந்தாள். ஒரு வரி போதும் சேட்டா என்று சொல்லி ஜின்சன் கிட்டாரை நீட்டினான். பொன்ராஜ் வாங்கினார். கண்ணை மூடி, அடித்தொண்டையில் 'ஊ' என்று இழுத்து, அதற்கு ஒவ்வொரு தந்தியாக இறக்கினார். ஜின்சன் கைப்பேசியில் அந்தக் கேசட் பதிவைப் போட்டுப் பார்த்தான். மயிரிழை பிசகவில்லை.

இது எங்கேயிருந்து வந்த சுருதி என்று கேட்டான்.

"எங்க ஃபேக்டரி சங்கு. காலையில அது ஊதும்போது சேத்தாத்தான் உண்டு. சுருதி பாக்க எங்ககிட்ட வேற என்ன இருந்துச்சு?"

ஜின்சன் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். மோனிஷாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அந்த இடத்தில் அவர் பேசாமல் இருந்திருந்தால் போதும், காலத்துக்கும் அது அவருடைய வாசிப்பாகவே இருந்திருக்கும்.

"தந்தி சேக்க மட்டுந்தான் எனக்குத் தெரியும்" என்றார் பொன்ராஜ். "வாசிச்சது சுடலைமணி."

இணையப் பக்கத்தில் பெயரைத் திருத்திப் போட்டார்கள். மோனிஷா இரண்டு நாள் அப்பாவிடம் பேசவில்லை.

அடுத்த வாரம் மறையூரிலிருந்து ஒரு போன். சுடலைமணியின் மனைவி பூமாரி. அவர் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது என்றும், பக்கத்து வீட்டுப் பையன் பெயரைப் பார்த்துச் சொல்லித்தான் அந்தக் கேசட்டைக் கேட்டேன் என்றும் சொன்னாள். பிறகு, "அந்தக் கிட்டாரு ஒங்ககிட்ட இருக்காண்ணே?" என்றாள்.

"இல்ல தாயி. டிரையர் பக்கத்துல மாட்டி நாந்தான் பொளக்கவிட்டேன். அத அவன்கிட்டச் சொல்ல மொகமில்லாம உள்ளயே நின்னுட்டேன்."



"பொளந்தது தெரியாதுண்ணே. நீங்க உள்ள நின்னது அவருக்குத் தெரியும். ஒங்க ரப்பர் பூட்ஸு வாசல்ல ஈரமாக் கெடந்துச்சாம். அவனுக்கு என்ன சங்கடமோ, கூப்புடட்டும், அப்பப் போவோம்னாரு."

பொன்ராஜ் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"கேசட்டுல, உள்ள வான்னு ஒரு சத்தம் கேக்கே" என்றாள் பூமாரி. "அது நீங்கதானாண்ணே?"

"ஆமா தாயி" என்றார்.