பின்பக்கம் அறுத்த கேடயம்

தச்சன் அறுப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று போர்பாலா சீமாட்டி பனியில் எட்டி நடை போட்டாள். அறுபத்தைந்து வயதில், வண்டி இல்லாமல், அதுவும் ஒரு பட்டறைக்கு நடந்து போகிற சீமாட்டியைத் திசா ஆற்றங்கரை அதுவரை பார்த்ததில்லை.

மதியம் அவள் தம்பி காஷ்பார் பிரபுவுக்கு அடக்கம். வட்கெர்த்தி வம்சத்தின் கடைசி ஆண் அவர்தான் என்பது ஊர்ப் பேச்சு. கடைசி ஆணைப் புதைக்கும்போது கல்லறை வாசலில் கட்டியங்காரர் நின்று, இந்த ரத்தத்தில் ஆண் உண்டா என்று மூன்று தடவை கேட்பார். பதில் ஆண் குரலில் வர வேண்டும். பெண் சொன்னால் எடுபடாது. வராவிட்டால் குடும்பக் கேடயத்தைக் கோடரியால் பிளந்து பெட்டிமேல் போட்டுவிடுவார்கள். பேர் முடிந்தது, நிலம் அரசனுக்கு. ஒரே வெட்டில் பிளக்க வேண்டும் என்பதால் மரக்கேடயத்தின் பின்பக்கத்தைத் தச்சன் முன்கூட்டியே பாதி ஆழம் அறுத்து வைப்பான்.

அந்தத் தச்சன் மாத்தே, காஷ்பாருக்கு முறைப்படி பிறந்த மகன். ஊரில் அது தனக்கு மட்டுமே தெரியும் என்று போர்பாலா நினைத்திருந்தாள்.

வட்கெர்த்திகள் ஒன்றும் வானத்திலிருந்து குதித்தவர்கள் இல்லை. முதல் வட்கெர்த்தி ஓடக்காரன். துருக்கியர் துரத்திவந்த ஒரு ராஜாவை அக்கரை சேர்த்தான். ராஜா இக்கரையை அவனுக்கு எழுதி வைத்தார். கேடயத்தில் துடுப்பு பொறித்தார்கள். பேரன் தலையெடுத்ததும் துடுப்பு அவமானமாகிவிட்டது. பிடிக்க வேண்டியவர்களைப் பிடித்து அதை வாளாக மாற்றிக்கொண்டான். பிறகு பதினொரு கிராமம், வியன்னாவில் ஒரு மாளிகை, எல்லாருக்கும் மூக்குநுனியில் கோபம். சண்டையில் ஆறு பேர் போனார்கள், குடித்தே இரண்டு பேர் போனார்கள். மிஞ்சிய காஷ்பார் யாருக்கும் சொல்லாமல் கோயிலில் கைப்பிடித்தது வெரோனா என்ற பெண்ணை. அவள் ஓர் ஓடக்காரன் மகள்!

போர்பாலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம்பி படையில் இருந்த காலரா வருஷத்தில், பாதிரியாரை மிரட்டிக் கல்யாணப் பதிவேட்டின் தாளைக் கிழித்து வாங்கினாள். பெண்டாட்டியும் கைக்குழந்தையும் காலராவில் போய்விட்டார்கள் என்று தம்பிக்கு எழுதினாள். வாசலில் வந்து நின்ற வெரோனாவிடம், புருஷன் உன்னைத் தலைமுழுகிவிட்டான் என்று காவல்காரனை விட்டுச் சொன்னாள். தான் மாடியிலிருந்து இறங்கவில்லை.

பத்து வருஷத்துக்கு முன் மாத்தே இங்கே பட்டறை போட வந்தபோது, தம்பியின் அதே விடைத்த காதுகளைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அப்போதாவது வாய் திறந்திருக்கலாம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தம்பி, "எம் பையன் இருந்திருந்தா இந்நேரம் மீசை வச்சிருப்பான்க்கா" என்பார். மீன்சூப்புக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்திவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வாள். பாவி, நான் மகா பாவி என்று நடந்துகொண்டே முனகினாள்.

பட்டறையில் கேடயம் குப்புறக் கிடந்தது. இன்னும் அறுக்கவில்லை.

"அறுக்காதே மாத்தே" என்றாள் மூச்சு வாங்க. ஜெபப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்திருந்த பதிவேட்டுத் தாளை எடுத்து நீட்டினாள். "உங்க அப்பா யாருன்னு..."

"தெரியும் சீமாட்டியம்மா. எங்கம்மா சாகறப்போ சொன்னா." மாத்தே கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினான். "எங்களை வேண்டாம்னவரு மூஞ்சி எப்படித்தான் இருக்கும்னு பாக்க வந்தேன். ஒருநாள் நாற்காலிக்குக் கால் போடக் கூப்பிட்டாரு. நல்லாப் பண்ணியிருக்கியேன்னாரு. பேசாம வந்துட்டேன்."

"அவன் வேண்டாம்னு சொல்லலப்பா. நீங்க ரெண்டு பேரும் செத்துட்டீங்கன்னு நான் எழுதினேன்."

மாத்தே நிமிர்ந்தான். "செத்துட்டோம்னா?"

"ஆமா."

"சாகற வரைக்கும் அப்படித்தான் நெனச்சிருந்தாரா?"

"ஆமாப்பா."

அவன் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அந்த மனுஷனின் சவப்பெட்டியையும் அவன்தான் செய்திருந்தான், மனதுக்குள் திட்டிக்கொண்டே. "பத்து வருஷம் எதிர்ல வந்தா மொகத்தைத் திருப்பிக்கிட்டேனே" என்றான் மெதுவாக.

"எல்லாம் என் தப்புதான்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். " மூணாந்தரம் கேக்கறப்பவாவது உண்டுன்னு ஒரு வார்த்தை சொல்லு. தாள் இருக்கு, நான் சாட்சி. எல்லாம் உனக்குத்தான்."

"தம்பி போனதுக்கா அழுவுறீங்க? பேரு போகுதேன்னா?"

அவள் தன்னிடமே கேட்டுப் பார்த்தாள், தெரியவில்லை.

"இதுல எங்கம்மா பேரு எங்க இருக்கு?"

அவள் விரல் வைத்துக் காட்டினாள். அவன் அந்த எழுத்தை வெகுநேரம் பார்த்தான். பிறகு தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். "போங்க. வர்றேன்."

வர்றேன் என்றானே! அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு போர்பாலா கல்லறை வாசலில் நின்றாள்.

கட்டியங்காரர் முதல் தடவை கேட்டார். காகங்கள்தான் கத்தின. இரண்டாம் தடவை கேட்டார். மாத்தே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, பெட்டியையே பார்த்தபடி நின்றான். கன்னம் நனைந்திருந்தது. மூன்றாம் தடவை.

"உண்டு!" என்று போர்பாலாவே கத்திவிட்டாள். கட்டியங்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த ஒரு பிரபு, பாவம், துக்கம் தலைக்கேறிவிட்டது என்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். கோடரி இறங்கியது. கேடயம் ஒரே வெட்டில், நடுவாக, சத்தமே இல்லாமல் பிளந்தது. நன்றாகவே அறுத்திருக்கிறான்.

கூட்டம் கலைந்தபின் அவன் அவளருகே வந்தான்.

"ஏண்டா சொல்லல?"

"காலரா வருஷம் என்னை இடுப்புல வச்சுக்கிட்டு மூணு நாள் உங்க வாசல்ல நின்னு கூப்பிட்டாளாம் எங்கம்மா. மாடியில திரைச்சீலை அசைஞ்சுதாம், காவக்காரன் பேச்சைத் தவிர அங்கேருந்து பதிலே வரலயாம்." தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான். "இன்னிக்கு மூணு தடவைதான் கேட்டாங்க, அத்தை."