முதல் வண்டி

தம்பி யூனிஃபார்ம் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அக்கா அதைச் சொன்னாள். திங்கட்கிழமை காலை டிப்போ வாசலில் உட்காரப் போகிறோம், ஒரு பஸ்கூட வெளியே போகாது என்று. அவன் கை நிற்கவில்லை. காலரைத் திருப்பிப் போட்டு அழுத்தினான். எந்த டிப்போ என்று கேட்டான். நீ வண்டி ஓட்டுகிற டிப்போதான் என்றாள்.

"வேற டிப்போவே கெடைக்கலையாக்கா?" என்றான், சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு.

வேறு டிப்போ இல்லை. அக்காவோடு பழகிய, கால் முடியாத தையல்காரர் ஒருவரைத் தள்ளிவிட்டுப் போன பஸ் அங்கிருந்துதான் வந்தது. ஊன்றுகோலோடு அவர் ஒரு காலைப் படியில் வைத்திருக்கும்போதே வண்டி நகர்ந்தது. விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் உயிரோடு இருந்தபோதுதான் அவரைப் போன்ற நாலைந்து பேர் சேர்ந்து சங்கம் என்று ஒன்று ஆரம்பித்தார்கள். நிற்க முடியாதவர்கள் எல்லாம் சேர்ந்தால் தேர்தலில் எப்படி நிற்பது என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அக்காவைத் தலைவி ஆக்கியதும் அவர்தான். பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர் அவள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காலும் போய்விட்டன. போனில் மட்டுமே பழகியிருந்த டாக்டர் ஒருவர், முதன்முதலாக நேரில் பார்த்தபோது, உங்கள் குரலைக் கேட்டு ஆறடி உயரம் இருப்பீர்கள் என்று நினைத்தேன் என்றார். அந்தக் குரல் போதும் நமக்கு என்றார் தையல்காரர்.

அவர் போன பிறகு மனு கொடுத்தார்கள். சக்கர நாற்காலி ஏறுகிற மாதிரி, ஊன்றுகோல் வழுக்காத மாதிரி சாய்தளம் வைத்த பஸ் வேண்டும் என்று கேட்டார்கள். அதிகாரி தலையை நிமிர்த்தாமல் உட்காரச் சொன்னார். உட்கார்ந்துதான் இருக்கிறோம் என்று அக்கா சொன்னதற்கு அவர் சிரிக்கக்கூட இல்லை. மனுவுக்குப் பதிலும் வரவில்லை. வழி மறிப்பது குற்றம், பிடித்து உள்ளே போடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்தேதான் டிப்போ வாசல் என்று முடிவானது. வேறு டிப்போவுக்கு மாற்றலாமா என்று தம்பிக்காக ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் தலைவிக்கு வீட்டுக்கு ஒரு நியாயம், ரோட்டுக்கு ஒரு நியாயம் என்றாகிவிடும் என்று அக்காவுக்குத் தோன்றியது. அன்றைக்கு எழுந்து நின்று, எழுந்து நின்று என்பது ஒரு பேச்சுக்கு, எல்லோரிடமும் அவள் சொன்னது வேறு: "வண்டியக் கிட்டக் கொண்டாந்து பயம் காட்டுவாங்க. யாரும் நகரக் கூடாது. சக்கரத்தப் பாக்காதீங்க, டிரைவர் மூஞ்சியப் பாருங்க. அவனும் மனுஷன்தான்."

திங்கட்கிழமை விடிந்தும் விடியாமல் வாசலை அடைத்து வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். சக்கர நாற்காலிகள் முன்னால். தரையில் உட்காரக் கூடியவர்கள் பின்னால். அக்காவின் பக்கத்தில் தையல்காரரின் மனைவி, புருஷனின் ஊன்றுகோல்களை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே மேனேஜர் அங்கும் இங்கும் நடந்தார். பிறகு யாரோ அவர் காதில் ஏதோ சொன்னார்கள். முதல் வண்டி உன்னுடையது இல்லை என்றாலும் நீயே எடு, வாசலில் இருப்பது உன் அக்காதானே, நீ வந்தால் ஒதுங்குவாள் என்று மேனேஜர் தம்பியிடம் சொன்னது பிற்பாடுதான் அக்காவுக்குத் தெரிய வந்தது.

வண்டி இரைந்துகொண்டு வந்தது. கண்ணாடிக்குப் பின்னால், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் தம்பி. பள்ளிக்கூடத்துக்கு அவளை முதுகில் சுமந்துகொண்டு போனவன். அவளைவிட இரண்டு வகுப்பு கீழே படித்தவன், அவளை அவள் வகுப்பில் இறக்கிவிட்டு ஓடுவதற்குள் தினமும் மணி அடித்துவிடும். தாமதத்துக்கு அடி வாங்கினான், காரணம் சொன்னதில்லை. வண்டி நெருங்கியது. தையல்காரரின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் யாரோ அழ ஆரம்பித்தார்கள். நகருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் தம்பி தப்பித்துவிடுவான் என்று அக்காவுக்கு ஒரு கணம் தோன்றியது. அந்த வார்த்தையை அவள் சொல்லவில்லை. தான் சொல்லிக் கொடுத்த மாதிரியே அவன் முகத்தைப் பார்த்தாள்.

கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் வண்டி நின்றது. என்ஜின் அணைந்தது. அவன் இறங்கி, மேனேஜரிடம் போய்ச் சாவியை அவர் கையில் வைத்தான். அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே, சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தவர்களைச் சுற்றிக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தான். அக்கா பக்கம் திரும்பவே இல்லை.

போலீஸ் வந்தது. வேனுக்கும் உயரமான படிதான்; ஒவ்வொருவரையும் நாற்காலியோடு தூக்கி ஏற்றுவதற்குள் போலீஸ்காரர்களுக்கு மூச்சு வாங்கிவிட்டது. இப்போது புரிகிறதா என்று ஒருத்தர் கேட்க வேனே சிரித்தது. மறுநாள் பத்திரிகையில் அவள் படம். அக்காவின் போராட்டத்தில் தம்பியும் குதித்தார் என்று எழுதியிருந்தார்கள். ஊர் முழுக்க அதே பேச்சாகி, சாய்தளம் வைத்த பஸ் விடுவதாகக் கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். உத்தரவை மீறியதற்காகத் தம்பியை வேலையிலிருந்து நீக்கினார்கள். இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தது.

அக்காவின் தூண்டுதலால் செய்துவிட்டேன் என்று மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று டிப்போவிலிருந்து ஆள் வந்து சொன்னார். எழுதிவிடு என்று அக்கா கெஞ்சினாள். என் பெயரைப் போடு, எனக்கு ஒன்றும் ஆகாது, அக்கா மேல் இருந்த பாசத்தில் இறங்கிவிட்டேன் என்று எழுது என்றாள்.

"நீ சொல்லியா நான் எறங்குனேன்?" என்றான். குரலை உயர்த்தவில்லை. "வண்டிக்கு முன்னாடி ஆளுங்க உக்காந்திருந்தாங்க. அதுல நீ இல்லாட்டியும் நான் எடுத்திருக்க மாட்டேன். அதப் போயி பாசம்னு எழுதச் சொல்றியா?"

அக்கா எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்ததை, சொல்லிக் கொடுக்காமலே ஒருத்தன் செய்திருக்கிறான். அவனைப் போய் மண்டியிடச் சொன்னோமே என்று கூசிப் போனாள்.

தம்பி மனைவி அதுவரை ஒன்றும் சொன்னதில்லை. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை அக்காவின் மடியில் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். "ஊரே உங்களத் தலைவின்னு சொல்லுது அண்ணி. இவருக்கு ஒரு வழி பண்ண முடியலையே உங்களால" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. உண்மையாகவே கேட்டாள்.

தம்பிக்காக மறுபடி உட்காரலாம் என்று சங்கத்தில் அக்கா கேட்டுப் பார்த்தாள். சரியென்று தலையாட்டினார்கள். கிடைத்த பஸ்ஸும் கை நழுவிப் போய்விட்டால் என்று ஒருவர் இழுத்தார். உடம்பு சரியில்லை என்று ஒருவர். முடிவான நாளில் காலை டிப்போ வாசலுக்கு வந்தது தையல்காரரின் மனைவி மட்டும்தான். இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். போலீஸ் வரவில்லை, பத்திரிகை வரவில்லை. பஸ்கள் புதிதாகத் திறந்திருந்த பின்வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தன. வெயில் ஏறியபோது தம்பி வந்தான். நாற்காலியின் பிடியைப் பற்றி வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனான். பள்ளமான இடங்களில் பின்பக்கம் சாய்த்து, அலுங்காமல் இறக்கினான்.

அதற்குப் பிறகு ஒரு மூட்டைக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். முதுகு பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவான், குப்புறப் படுத்துக்கொள்வான். மனைவி தைலம் தேய்ப்பாள். அக்காவிடம் அவன் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததில்லை. ஆனால் பஸ்ஸைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

புது பஸ்கள் வந்தன. அக்கா முதன்முதலாகத் தனியாக, யார் முதுகிலும் ஏறாமல், சாய்தளத்தில் நாற்காலியை உருட்டிக்கொண்டு ஏறினாள். யாரோ அவளை அடையாளம் கண்டு கை தட்டினார்கள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கிடங்குத் தெருவில் ஒரு லாரி குறுக்கே நின்றதால் பஸ் நிற்க வேண்டி வந்தது. லாரியிலிருந்து இறக்கிய மூட்டையைத் தோளில் வைத்தபடி தம்பி நின்றுகொண்டிருந்தான். அவளை அவன் பார்க்கவில்லை. வண்டியைத்தான் பார்த்தான். லாரி விலகியது. டிரைவர் சின்னப் பையன், புது ஆள். கியர் விழாமல் கரகரவென்று இழுத்தது. மூட்டையின் கனத்தில் குனிந்திருந்த தம்பியின் இடது கால், தெருப் புழுதியில், கிளட்சை மிதிப்பதுபோல மெல்ல அழுந்தி நின்றது.