கால் ஊனினால் அவுட்

ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில், தரம் பிரிக்கும் மேஜையில் இருபத்தொரு வருடமாக நிற்கிறவள் கிறிஸ்டினா. தோலைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து, வெளிச்சத்தில் ஒரு சாய்ப்பு. முதல் தரமா, இரண்டாவதா, ரிஜெக்டா என்று சொல்லிவிடுவாள். அதனால்தான், அவள் கணவன் ராஜேஷ் அறுபத்தெட்டாயிரம் ரூபாய்க்குப் புது சைக்கிள் வாங்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றபோது, அவள் முதல் காரியமாக அதன் சீட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"ரிஜெக்ட்," என்றாள்.

"இன்னா ரிஜெக்ட்?"

"தோலே இல்லீங்க இது."

"வெயிட்டு கம்மியா இருக்கணும்னு அப்படிப் பண்ணியிருக்கான். ரெண்டு விரல்ல தூக்கிக் காட்டவா?"

தூக்கியும் காட்டினான். ஆற்காட்டில் இன்சூரன்ஸ் ஆபீசில் நாற்காலியை விட்டு எழாத உத்தியோகம் அவனுக்கு. சர்க்கரை ஏறிவிட்டது, உடம்பு வேர்க்கட்டும் என்று டாக்டர் சொன்னார். அவர் நடக்கத்தான் சொன்னார் என்பது கிறிஸ்டினாவின் கட்சி.

வண்டி வந்ததில் அவளுக்கு வருத்தம் இல்லை. வந்த வண்டியை எங்கே நிறுத்துவது என்பதில்தான் வம்பு தொடங்கியது. அவர்கள் வீட்டில் மாடிப்படிக்கு அடியில் ஒரே ஒரு சைக்கிளுக்குத்தான் இடம். அங்கே கிறிஸ்டினாவின் வண்டி நின்றிருந்தது. அவளைவிட வயதில் மூத்த லேடீஸ் சைக்கிள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தன் சம்பளத்தில் பழசாக வாங்கியது. கம்பெனியில் கழித்துப்போட்ட எருமைத் தோலை வெட்டி, அதற்குத் தானே சீட்டு தைத்துக்கொண்டாள். தினமும் மூன்று கிலோமீட்டர் போக, மூன்று கிலோமீட்டர் வர. இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை ஏற்றினாலும் முனகாது.

ஒரு வாரம் புது சைக்கிளைக் கட்டில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்த ராஜேஷ், எட்டாவது நாள் ஒரு யோசனையோடு வந்தான்.

"மெட்ராஸ்ல ஒரு ஓட்டல்காரன் உன் வண்டியைக் கேக்கறான். சுவத்துல மாட்டி, கூடையில பூச்செடி வைக்கப் போறானாம். ஞாயித்துக்கிழமை வேன் வரும். உனக்கு ஸ்கூட்டி வாங்கித் தர்றேன்."

"ஓடுற வண்டியை எவனாவது ஆணியில மாட்டுவானா? எனக்கு எந்த ஸ்கூட்டியும் வேணாம். அது என் வண்டி."

"அதுவா ஓடுது? நத்தை மாதிரி ஊருது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஓட விட்டா தெரியும்."

"விடலாமே. மே ஒண்ணாந்தேதி எங்க கம்பெனியில சைக்கிள் ரேஸ் இருக்குது. இந்த வருஷம் குடும்பத்துக்காரங்களும் வரலாமாம். நம்ம ரெண்டு பேருல யாரு ஜெயிக்கிறாங்களோ அவங்க வண்டி மாடிப்படிக்கு அடியில. தோத்த வண்டி வேன்ல ஏறட்டும். சரியா?"

"வாக்கு மாற மாட்டியே?"

"நான் எப்போங்க மாறியிருக்கேன்?"

ராஜேஷ் ஓட்டல்காரருக்குப் போன் போட்டு, வேனை மே தினத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினான். அன்றைக்கே பயிற்சியும் தொடங்கியது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிறிஸ்டினாவின் கம்பெனியில் சைக்கிள் ரேஸ் என்றால் அது ஸ்லோ ரேஸ்தான். கடைசியாகக் கோட்டைத் தொடுகிறவருக்கு முதல் பரிசு. வழியில் கால் தரையில் பட்டால் அவுட். முப்பது வருடமாக அப்படியே நடப்பதால் 'ஸ்லோ' என்ற சொல்லை அங்கே யாரும் வாயால் சொல்வதே இல்லை. டீக்கடையில் போய்ச் 'சூடான டீ கொடு' என்றா கேட்கிறோம்? அது போலத்தான். புருஷனுக்கு இது தெரியாமல் இருக்கும் என்று கிறிஸ்டினாவுக்குத் தோன்றவே இல்லை.

ராஜேஷ் விடியற்காலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு திமிரி வரைக்கும் பறந்துபோய் வந்தான். 'காலுக்குப் பலம் ஏத்தறார் போல' என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவளோ வேலை விட்டு வந்ததும் தெருவில் பத்தடி தூரத்தை இரண்டு நிமிடம் ஓட்டினாள். ஜன்னலில் இருந்து பார்த்த ராஜேஷுக்கே பாவமாகிவிட்டது.

"முட்டி வலிக்குதா கிறிஸ்டி? வேணும்னா பேரை வாபஸ் வாங்கிக்கோ."

"நீங்க உங்க வேலையைப் பாருங்க. அவ்ளோ வேகமா ஓட்டி ஓட்டிப் பழகினா அன்னிக்குக் கஷ்டப்படுவீங்க."

"பொறாமை!" என்று அவன் சிரித்தான்.

மே தினம் வந்தது. கம்பெனிக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் சுண்ணாம்பில் எட்டுக் கோடு போட்டிருந்தார்கள். எட்டு வரிசையில் எட்டுப் பேர். ராஜேஷின் வண்டியைச் சுற்றி ஒரு கூட்டம் நின்று பெல்லைத் தேடியது, பெல்லே இல்லை. கிறிஸ்டினாவுக்கு அடுத்த வரிசையில், டிரம்மில் தோல் போடுகிற சத்தார் பாய் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றார். போன வருடம் ஜெயித்தவர் அவர்தான்.

"முப்பது மீட்டர்தானா?" என்று ராஜேஷ் அவரிடம் கேட்டான்.

"இதுவே ஜாஸ்தி சார். பாதிப் பேரு அந்தப் பக்கம் போய்ச் சேர மாட்டாங்க, பாருங்க."

ராஜேஷ் மற்ற ஏழு பேரையும் இரக்கத்தோடு ஒரு பார்வை பார்த்தான்.

வெல்ஃபேர் ஆபீசர் சாமுவேல் மைக்கைப் பிடித்தார். "ரூல்ஸ் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். கால் ஊனினா அவுட்! அவ்ளோதான்!"

'நான் ஏன் கால் ஊனப் போகிறேன்?' என்கிற மாதிரி ராஜேஷ் தோளைக் குலுக்கினான்.

விசில் ஒலித்தது. ஏழு சைக்கிள்கள் அரை அடி நகர்ந்து, ஹேண்டிலை இப்படியும் அப்படியும் ஒடித்துக்கொண்டு ஆடின. எட்டாவது சைக்கிள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. ஆறு விநாடி இருக்கும். கோட்டைத் தாண்டி, பிரேக் போட்டு, இரண்டு கையையும் மேலே தூக்கினான் ராஜேஷ். மைதானமே எழுந்து நின்று கத்தியது. அவன் பெருமையோடு திரும்பிப் பார்த்தான். புறப்பட்ட இடத்திலேயே ஏழு பேர் இன்னும் நெளிந்துகொண்டிருந்தார்கள்.

தூக்கிய கைகள் அப்படியே நின்றன. முகத்தில் பெருமை இருந்த இடத்தில் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்தது.

அந்த முகத்தைத்தான் கிறிஸ்டினா பார்த்துவிட்டாள். பார்த்திருக்கக் கூடாது. அடிவயிற்றில் கிளம்பிய சிரிப்பு தோளுக்கு ஏறி, தோளில் இருந்து ஹேண்டிலுக்கு இறங்கியது. பல்லைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. வலது கால் தொப்பென்று தரையில் விழுந்தது. அவளைப் பார்த்துச் சிரித்து மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கால் ஊனினார்கள். சத்தார் மட்டும் துண்டை வாயில் கவ்விக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழிய, நாலு நிமிடம் கழித்துக் கோட்டைத் தொட்டார்.

சாமுவேல் தாளைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார்.

"கால் ஊனாம கோட்டைத் தொட்டது ரெண்டே பேரு. சத்தார் ஃபர்ஸ்ட். செகண்ட்... ரூல்படி... நம்ம கிறிஸ்டினாம்மா வீட்டுக்கார்!"

கைதட்டல் அடங்கப் பத்து நிமிடம் ஆனது. இரண்டாம் பரிசு ஒரு ஹாட்பாக்ஸ். அதை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு ராஜேஷ் வழியெல்லாம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தான்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டான். "ஸ்லோ ரேஸ்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

"அது ஸ்லோ ரேஸ்னு உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றவளுக்குச் சிரிப்பு மறுபடியும் வந்தது. ஆனால் பாதியில் நின்றுவிட்டது. ரூல்படி ஜெயித்தது அவன். வாக்கு கொடுத்தது அவள்.

சனிக்கிழமை சாயங்காலம் வண்டிக்கு எண்ணெய் போட்டுத் துடைத்தாள். ஓட்டல் சுவரில் மாட்டுவதற்கு எண்ணெய் எதற்கு என்று தோன்றியது. இருந்தாலும் துடைத்தாள். ராஜேஷ் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். அதற்குள் அவனுக்கு ஊரெல்லாம் ராக்கெட் சார் என்று பேராகியிருந்தது. ஆபீஸ் டீக்கடை வரைக்கும் செய்தி போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலுக்குக் கிளம்ப எழுந்தவள், மாடிப்படிக்கு அடியில் பார்த்தாள். வண்டி இல்லை. வேன் வந்து போய்விட்டதா என்று பதறி வாசலுக்கு ஓடினாள்.

தெருவில் அவளுடைய சைக்கிள்மேல் ராஜேஷ் இருந்தான். முழங்கால்கள் இரண்டும் இரண்டு பக்கமும் விரிந்து நிற்க, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, அங்குலம் அங்குலமாக நகர்ந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்திலேயே, ஓரடிக்கு ஒருமுறை நின்று நின்று, வேன் டிரைவர் நடந்துகொண்டிருந்தார்.

"சார், இந்த வண்டிதானே? ஏத்திட்டா நான் கிளம்பிடுவேன்."

"இருய்யா, பேசாத. கால் ஊனினா அவுட்."

"எடுத்துட்டுப் போகச் சொன்னாங்களே சார்."

"இது போகாது. புது வண்டி நிக்கவே மாட்டேங்குது, இதுதான் சொன்ன பேச்சு கேக்குது. அடுத்த வருஷம் சத்தார் பாயை நான் ஜெயிக்க வேணாமா?"

"அந்தப் புதுசு அப்போ எங்கே நிக்கும்?" என்று கிறிஸ்டினா வாசலில் இருந்து குரல் கொடுத்தாள்.

"கட்டில் பக்கத்துலயே நிக்கட்டும். என் பக்கம்!"

டிரைவர் அவள் பக்கம் திரும்பி, "எப்பம்மா இறங்குவாரு? நான் ஓனருக்குப் பதில் சொல்லணும்," என்றார்.

ராஜேஷ் எதிர்வீட்டுக் கம்பத்தை இன்னும் தாண்டவில்லை. கிறிஸ்டினா அந்தத் தூரத்தையும் அவன் வேகத்தையும் ஒரு பார்வை பார்த்துக் கணக்குப் போட்டாள்.

"காபி குடிச்சுட்டுக் கிளம்புங்கண்ணா. அவரு வர அடுத்த மே மாசம் ஆவும்," என்றாள்.