சோறு வெந்த சனிக்கிழமை

தலிங்காய் தீவில் அடிபட்ட பெண் இருக்கும் கூரைக்கடியில் சோறு வேகாது. பெரிய புயலுக்கு மறு வருடம் மார்ச் மாதத்தில் இது தொடங்கியது. உலை கொதிக்கும், நுரை பொங்கி மூடியைத் தள்ளும், ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் அரிசி போட்டபடியே கிடக்கும். நகரத்திலிருந்து சுகாதாரத் துறையினர் வந்து கிணற்றுத் தண்ணீரைப் புட்டியில் பிடித்துக்கொண்டு போனார்கள், பதில் வரவில்லை. பாதிரியார் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பானைகளைக் கோயில் வாசலில் வரிசையாக வைத்துத் தீர்த்தம் தெளித்தார். மக்காச்சோள நொய்யும் அரிசியோடு சேர்ந்துகொண்டு வேக மறுத்தது. மரவள்ளியும் வாழைக்காயும் மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் வெந்தன. ஆறு மாதத்தில் ஊருக்குப் பழகிவிட்டது. மத்தியான வேளையில் ரொட்டிக்கடை வாசலில் நிற்கும் ஆணைப் பார்த்து, "என்னப்பா, மத்தியானமே பன்னா?" என்று கேட்பது தீவிலேயே பெரிய வசவாக ஆயிற்று. ரொட்டிக்கடைக்காரர் அந்த வருடம் மாடி கட்டினார்.

படகுத்துறைக்குப் பக்கத்தில் பாழடைந்து கிடந்த ஐஸ் கிடங்கில் பன்னிரண்டு பெண்கள் சங்கம் வைத்தது அந்த டிசம்பரில்தான். தலைவி கருவாட்டு வியாபாரி ஃபெலிசா. அவளை வயது வித்தியாசமில்லாமல் எல்லோரும் மனாங் என்போம். எங்கள் பக்கம் அக்காவுக்கு அந்தப் பெயர். அவள் குரல் துறையில் கத்தினால் நடுக்கடலில் படகு திரும்பும். கூட்டக் குறிப்பு எழுதியவள் பள்ளிக்கூடத்து ஒஃபேலியா டீச்சர். இவர்கள் வேலை செய்த விதம் எளிமையானது. ஒரு வீட்டில் உலை வேகவில்லை என்று காதில் விழுந்ததும், பன்னிரண்டு பேரும் ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு தட்டும் கரண்டியும் எடுத்துக்கொண்டு, அந்த வீட்டு முற்றத்தில் போய் உட்காருவார்கள். எங்கள் தீவில் வாசலுக்கு வந்தவரைச் சாப்பிடச் சொல்லாமல் இருப்பது செத்துப்போவதற்குச் சமம். வீட்டுக்காரன் முதல் நாள் முறைப்பான், இரண்டாம் நாள் பின்வாசல் வழியாகப் போவான். "பசிக்குதுடா தம்பி, உன் வீட்டுச் சோறு வேகுற வரைக்கும் இங்கதான் இருப்போம். அவசரமே இல்ல, நாங்க சும்மாதான் இருக்கோம்" என்பாள் ஃபெலிசா. பெரும்பாலும் ஒரு வாரத்தில் அவன் எல்லோர் முன்னிலையிலும் அழுவான். அடி நின்ற பிறகும் சில வீடுகளில் சோறு வேக மாதக்கணக்காகும். அரிசிக்கும் நம்பிக்கை வர வேண்டும் என்று ஃபெலிசா அதற்குக் காரணம் சொன்னாள்.

அந்த ஒரு வருடம் அந்தப் பன்னிரண்டு பேரும் சேர்ந்து இருந்ததைப் போல இந்தத் தீவில் யாரும் இருந்ததில்லை. ஒருத்தி பிள்ளையை இன்னொருத்தி குளிப்பாட்டினாள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் ஆறு வீட்டிலிருந்து கஞ்சி போகும், அவள் குடிக்க முடியாமல் நாய்க்கு ஊற்றுவாள். ஒருவருக்கொருவர் தலைமுடி வெட்டிக்கொண்டதில் பன்னிரண்டு பேருக்கும் ஒரே மாதிரி கோணலான வெட்டு. சனிக்கிழமைக் கூட்டத்துக்கு ஒருத்திகூட ஒரு வாரம்கூட வராமல் இருந்ததில்லை. டீச்சரின் குறிப்பேட்டில் பக்கத்துக்குப் பக்கம் வருகை பன்னிரண்டு என்றே இருக்கிறது. அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விரித்துக் காட்டுவாள் ஃபெலிசா.

கூட்டத்துக்குச் சமைத்தவள் நெல்டா. முப்பத்து நான்கு வயது, ஏழு வயதில் ஒரு மகள், சிரித்தால் வாயைப் பொத்திக்கொள்ளும் பழக்கம். அவள் புருஷன் ரொஜெலியோ படகு எஞ்சினும் அடுப்பும் பழுது பார்ப்பவன். கை சுத்தம், வாய் அதைவிடச் சுத்தம். ஜனவரிக் கடைசியில், அவனுக்குச் சர்க்கரை வியாதி என்று சொல்லி அந்த வீட்டில் அரிசி வாங்குவதை நிறுத்திவிட்டார்கள்; மூன்று வேளையும் மரவள்ளியும் வாழைக்காயும்தான். பாவம், நல்ல மனுஷனுக்கு இந்த வயதிலேயே இப்படி ஒரு நோயா என்று நாங்கள் எல்லோரும் வருத்தப்பட்டோம். சங்கத்துப் பெண்கள் தங்கள் தோட்டத்து மரவள்ளியை அவனுக்குச் சாக்கில் கட்டி அனுப்பினார்கள். இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

பிப்ரவரி இரண்டாவது சனிக்கிழமை ஐஸ் கிடங்கில் சோறு வேகவில்லை. குறிப்பேட்டில் இருக்கிறது: சோறு வேகவில்லை, அடுப்பு சரியில்லை. ரொஜெலியோவைக் கூப்பிட்டார்கள். அவன் அடுப்பைக் கழற்றி, ஒவ்வொரு துளையையும் கம்பி விட்டுக் குத்தி, ஊதி, துடைத்து மாட்டினான். கூலி வாங்க மாட்டேன் என்றுவிட்டான். அடுத்த வாரமும் வேகவில்லை. மறுபடி வந்தான். மூன்றாம் முறை தன் கடையிலிருந்தே பெரிய அடுப்பு ஒன்றைத் தூக்கி வந்து வைத்தான். அவன் குனிந்து வேலை செய்த நேரமெல்லாம் நெல்டா பக்கத்தில் நின்று திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். "உனக்கு வாய்ச்ச மாதிரி ஒருத்தன் எனக்கு வாய்ச்சிருந்தா நான் ஏன் கருவாடு விக்கிறேன்" என்றாள் ஃபெலிசா. நெல்டா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அடுப்பின் மேல் குற்றம் இல்லை என்றானதும் அரிசிக்கடை போர்ஃபிரியோவின் மேல் பாய்ந்தார்கள். "யோவ், நீ அரிசி விக்கிறியா, கூழாங்கல் விக்கிறியா?" என்று கடை நடுவில் நின்று கேட்டாள் ஃபெலிசா. போர்ஃபிரியோ, "மனாங், இதே அரிசிதான் என் வீட்லயும். பூ மாதிரி வேகுது. எங்க வீட்ல அடி வாங்குறது நான்தான், அதை அரிசி கணக்குலயே எடுக்கல போல" என்றான். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்படியும் சங்கம் கடையை மாற்றியது. போர்ஃபிரியோ இன்றுவரை அவர்களிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

ஏப்ரல் கடைசியில் ஃபெலிசா ஒரு காரணம் கண்டுபிடித்தாள். அடிபட்ட பெண்கள் வாராவாரம் ஐஸ் கிடங்குக்கு வந்து அழுதுவிட்டுப் போகிறார்கள். முன்பு அப்படி ஒருத்தி ஃபெலிசாவின் வீட்டில் மூன்று நாள் தங்கியபோது ஃபெலிசாவின் உலையும் வேகவில்லைதானே? அப்படி வந்து போகிறவர்களின் துக்கம்தான் நம் சட்டையிலும் சுவரிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதைத்தான் அரிசி சொல்கிறது என்றாள். எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. ஒவ்வொரு வாரமும் வந்து போனவள் யார் என்று பார்ப்பார்கள், யாராவது ஒருத்தி வந்துதான் இருப்பாள், அவள் வீட்டு முற்றத்துக்குத் தட்டோடு கிளம்புவார்கள். வேகாத சோறு அவர்களுக்கு ஒரு பெருமையாகவே ஆகிவிட்டது. அடுத்த தீவிலிருந்து வந்த பெண்களுக்கு அந்தப் பானையைத் திறந்து காட்டினார்கள். அதன் பிறகு கூட்டங்களில் பன் சாப்பிட்டார்கள். வழக்கம் விடக் கூடாது என்று நெல்டா மட்டும் வாராவாரம் உலை வைத்தாள். வேகாத அரிசியைக் கோழிக்குப் போட்டுவிட்டு, பானையை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தேய்த்து, அடுத்த சனிக்கிழமை கொண்டுவந்தாள்.

அவள் சொல்லாமல் இல்லை. ஜூன் மாதத்தில் ஒருநாள், "மனாங், ஒருவேளை என் கைதான் சரியில்லையோ? நான் களையறதாலதான் வேகலையோ?" என்று கேட்டாள். "பைத்தியமே, உன் கை பட்டா கல்லும் வேகும்" என்று அவள் கன்னத்தைத் தட்டினாள் ஃபெலிசா. கன்னத்தைத் தட்டியபோது நெல்டா தலையைப் பின்னுக்கு இழுத்தாள், அதை டீச்சர் பார்த்தாள், கூச்சம் என்று நினைத்துக்கொண்டாள். ஆகஸ்டில் இன்னொரு முறை, "அடுத்த வாரம் நான் வரல. நான் இல்லாம நீங்களே ஒரு தடவை உலை வெச்சுப் பாருங்களேன்" என்றாள். ஃபெலிசாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "நீ இல்லாம கூட்டமா? நல்லா இருக்கே! குறிப்பேட்டுல பதினொண்ணுன்னு எழுதணுமா? அதெல்லாம் நடக்காது." அந்தச் சனிக்கிழமை காலையிலேயே மூன்று பேர் ரிக்‌ஷா எடுத்துக்கொண்டு போய், பாட்டுப் பாடிக்கொண்டே அவளை ஏற்றி வந்தார்கள். அவள்மேல் அவர்களுக்கு அவ்வளவு பிரியம். வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒன்றை அரிசியாவது சொல்லட்டும் என்று அவள் வழி செய்து கொடுத்தாள். அந்த வழியை அடைத்தது அந்தப் பிரியம்தான்.

நவம்பர் கடைசியில் பெண்களுக்கெதிரான வன்முறையை எதிர்க்கும் வாரம் வந்தது. கூடைப்பந்துத் திடலில் மேடை போட்டு, சங்கத்துக்குத் துணை நின்ற ஆண் என்று ரொஜெலியோவைக் கூப்பிட்டு, சட்டையில் ஆரஞ்சு ரிப்பன் குத்தினார்கள். அவன் ஒலிபெருக்கியை வாங்கி, ஒரு வீட்டு அடுப்பு எரிய வேண்டும் என்றால் அந்த வீட்டு ஆணின் கை குளிர்ந்திருக்க வேண்டும் என்றான். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். நெல்டாவும் தட்டினாள், இடது காதை மறைத்து ஒரு துணி கட்டியிருந்தாள். காதில் சீழ் என்றாள். மூன்று பேர் மூன்று விதமான கைமருந்து சொன்னார்கள்.

டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமை சங்கத்துக்கு ஒரு வயது நிறைந்தது. காலையில் ஐஸ் கிடங்கைத் திறக்க வந்தபோது பானை வாசலில் இருந்தது, உள்ளும் புறமும் பளபளவென்று தேய்த்திருந்தது. நெல்டா வரவில்லை. ஆள் அனுப்பினார்கள், காய்ச்சல், படுத்திருக்கிறாள் என்று ரொஜெலியோ வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டான். "காய்ச்சல்லயும் பானையைக் கொண்டாந்து வெச்சிட்டுப் போயிருக்கா பாரு" என்று ஃபெலிசா நெகிழ்ந்துபோனாள். வழக்கம் விடக் கூடாது என்று அவளே உலை வைத்தாள். இருபது நிமிடத்தில் மூடி தானாக ஆடியது. திறந்தால், பருக்கை பருக்கையாக, வெள்ளை வெளேரென்று, கிடங்கு முழுக்க மணம். பத்து மாதம் கழித்து! கூச்சல் போட்டார்கள், கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், படகுத்துறை மணியை யாரோ போய் அடித்தார்கள். தீவில் துக்கம் தீர்ந்தது என்றாள் ஒருத்தி. பொரித்த மீனும் புளிச்சாறும் விட்டு ஆளுக்கு இரண்டு தட்டு சாப்பிட்டார்கள். நெல்டாவுக்கு ஒரு தட்டு மூடி வைத்தார்கள். சாப்பிட்டுக் கை துடைத்த பிறகுதான் டீச்சர் குறிப்பேட்டை எடுத்தாள். சோறு வெந்தது என்று எழுதி அடிக்கோடு போட்டாள். அதற்குக் கீழே வருகை என்று எழுதினாள். எண்ணினாள். பதினொன்று என்று எழுதப் போன பேனா அப்படியே நின்றது.

"மனாங்," என்றாள். நோட்டைத் திருப்பிக் காட்டினாள். ஃபெலிசா அதைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள். இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருத்தி வாயிலிருந்த சோற்றை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றாள்.

தட்டும் கையுமாக ஓடினார்கள். வீட்டில் காய்ச்சலும் இல்லை, நெல்டாவும் இல்லை. விடிந்ததும் கிளம்பிய முதல் படகில், காதில் துணி கட்டிய பெண்ணும் ஒரு சிறுமியும் ஒரு சாக்கு மூட்டையும் போனதாகத் துறையில் சீட்டு கிழிப்பவர் சொன்னார். படகு விலகும் வரை அவள் ஐஸ் கிடங்கையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை. அக்கரையில் இறங்கினால் நாலு திசைக்கும் பேருந்து உண்டு.

ரொஜெலியோவின் முற்றத்தில் ஒன்பது நாள் உட்கார்ந்தார்கள். அவன் ஓடவில்லை, முறைக்கவில்லை. அரிசி வாங்கி வந்து, உலை வைத்து, மரியாதையாகப் பரிமாறினான். அது வெந்திருந்தது. அடிபடுவதற்கு அந்தக் கூரைக்கடியில் யாரும் இல்லை, வேகாமல் என்ன செய்யும்? "பாருங்க, என் வீட்ல சோறு வேகுது. அப்புறம் என்ன?" என்றான். முன்னால் ஆவி பறக்கும் சோற்றை வைத்துக்கொண்டு பதினொரு பேரும் ஒரு வாய்கூட வைக்க முடியாமல் எழுந்து வந்தார்கள். காவல் நிலையத்தில், புகார் கொடுக்க ஆள் எங்கே என்று கேட்டார்கள். அவன் இன்றும் துறையில் எஞ்சின் பழுது பார்க்கிறான். ரிப்பனைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஃபெலிசா போனபோது, அது தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டான். அவள் அதன் பிறகு துறையில் கத்தி யாரும் கேட்கவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் ஐஸ் கிடங்கில் பன்னிரண்டு மண் அடுப்புகள் எரிகின்றன. கூரை ஒன்றாக இருந்தால் அடிபட்டவள் யார் என்று தெரியாது என்பதால், சுவரில்லாத பின்பக்கத்தில் ஆளுக்கொரு தென்னோலைப் பந்தல் போட்டிருக்கிறார்கள். அவரவர் பந்தலில், அவரவர் பெயரைச் சொல்லி, அவரவரே ஒரு கைப்பிடி அரிசி போட வேண்டும். வெந்த பிறகுதான் மற்றப் பேச்சு. இரண்டு முறை இரண்டு பேருக்கு வேகவில்லை. அந்த இரண்டு முறையும் யாரும் அடுப்பைக் குறை சொல்லவில்லை. மற்றவர்கள் எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். பன்னிரண்டாவது பந்தலில் நெல்டா தேய்த்து வைத்த பெரிய பானை. அவள் பெயரைச் சொல்லி அதில் ஃபெலிசா ஒரு கைப்பிடி போடுவாள். அவ்வளவு பெரிய பானையின் அடியில் அந்த அரிசி இருப்பதே தெரியாது. ஒரு வருடமும் நாலு மாதமும் அது வேகவில்லை. கோழிகள் அந்தப் பந்தலடியில் முன்னதாகவே வந்து காத்திருக்கக் கற்றுக்கொண்டன.

ஏப்ரல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மற்றப் பானைகளை இறக்கிய பிறகு, ஃபெலிசா அந்த மூடியைத் திறந்து வெகுநேரம் குனிந்து பார்த்தாள்.

"என்ன மனாங்?" என்றாள் டீச்சர்.

"வெந்துடுச்சு" என்றாள் ஃபெலிசா. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்கேயோ நல்லா இருக்கா. நாம ஒண்ணும் செய்யல" என்றாள்.

கடிதம் எதுவும் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. ஆளுக்கு நாலைந்து பருக்கைதான் கிடைத்தது, உப்பு போடாமல் சாப்பிட்டார்கள். கோழிகளை விரட்டிவிட்டு டீச்சர் குறிப்பேட்டை மடியில் வைத்து அன்றைய தேதியைப் போட்டாள். வெந்த பானை பன்னிரண்டு என்று எழுதினாள். அதற்குக் கீழே, வருகை பதினொன்று என்று எழுதினாள்.