ஏழாம் எண் கிணறு

பிஸ்கட் கம்பெனியில் பதினொரு வருஷம் கணக்கு எழுதியவளுக்கு, எண்ணெய்க் கம்பெனிக் கணக்கு மூன்று மாதமாகியும் பிடிபடவில்லை. பிஸ்கட்டில் குழப்பமே கிடையாது. விற்றால் வரவு, உடைந்தால் நஷ்டம். இங்கே, பூமிக்குள் துளை போட ஆகும் பணத்தை உடனே செலவு என்று எழுதக் கூடாதாம். எண்ணெய் இருக்கிறதா என்று தெரியும்வரை சொத்துப் பக்கத்தில் நிறுத்தி வைக்க வேண்டும். கிடைத்தால் சொத்தாகவே தங்கிவிடும். கிடைக்காவிட்டால் அத்தனையும் ஒரே நாளில் செலவாகி, அந்த வருஷத்து லாபத்தையே விழுங்கிவிடும்.

ஏழாம் எண் கிணறு இரண்டிலும் சேராமல் நின்றது. தோண்டி முடித்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. செலவு நாற்பத்திரண்டு கோடி. வருஷக் கணக்கு மூட ஒன்பது நாள் இருக்கும்போது நிதி மேலாளர் கூப்பிட்டார்.

"ஏழாம் நம்பரை சொத்துலயே வெச்சிடும்மா. மண்காரர்கிட்ட ஒரு கடிதம் வாங்கி ஃபைல்ல போடு. அவ்வளவுதான்."

மண்காரர் என்பது நிலவியல் நிபுணருக்கு அலுவலகம் வைத்த பெயர். ஐம்பதைத் தாண்டியவர். மேஜை முழுக்கக் கல், சுவர் முழுக்கக் கோணல்மாணலான கோடுகள்.

"சார், ஏழாம் நம்பர்ல எண்ணெய் இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

அப்பாடா என்று பேனாவைத் திறந்தாள்.

"ஆனா எடுத்து விக்கிற அளவுக்கு இருக்கான்னு தெரியாது."

"அப்போ இல்லைன்னு எழுதிக்கட்டுமா?"

"இருக்குன்னு இப்பத்தானேம்மா சொன்னேன்?"

பேனாவை மூடினாள். அவர் ஒரு கல்லை நகர்த்தி அவளுக்கு இடம் பண்ணினார். "பக்கத்துல இன்னொரு கிணறு போட்டாத்தான் தெரியும். அதுக்குப் பணம் வேணும். நீங்க இதை செலவுன்னு எழுதிட்டா, அப்புறம் அந்தப் பக்கம் யாரும் பத்து பைசா குடுக்க மாட்டாங்க."

கடிதம் கொடுத்தார். 'அடுத்த கிணற்றுக்கான வேலைகள் நடந்து வருகின்றன' என்றிருந்தது. இந்த மாதிரி இரண்டுங்கெட்டான் கிணற்றுக்கு விதிப்புத்தகமும் ஒரு வழி வைத்திருந்தது. அடுத்த வேலை உண்மையாகவே நடந்துகொண்டிருந்தால் சொத்தாக வைக்கலாம். வெறும் ஆசை போதாது.

வீட்டில் கணவனிடம் கேட்டாள். எலெக்ட்ரீஷியன். பழைய மின்விசிறி ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தான்.

"பணம் கையை விட்டுப் போயிடுச்சுல்ல?"

"போயிடுச்சு."

"அப்போ செலவு."

"ஆனா அதனால ஒண்ணு கிடைச்சிருக்கே."

"அப்போ சொத்து."

"ரெண்டும் எப்படிங்க ஆகும்?"

"என்னைக் கேட்டா? ஒயர்ல கரண்ட் இருக்கான்னு டெஸ்டர் சொல்லிடும். உங்க ஆபீஸ்ல அது இல்ல போல."

மறுநாள் கம்பெனி ஜீப்பில் மூன்று மணி நேரம் போனாள். இரைச்சலும் ஆட்களுமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். காய்ந்த சேறு, கம்பி வேலி, நடுவில் இடுப்பளவு இரும்புக் குழாய். அதன் தலையில் தகடு வைத்து முடுக்கியிருந்தார்கள். வேலியோரம் ஒரு காவலாளி.

"தோண்டுற மிஷின் எங்கண்ணா?"

"அது போய் பதினோரு மாசம் ஆச்சும்மா."

"கிணத்தை மூடிட்டாங்களா?"

"மூடி வெச்சிருக்காங்க. மூடல."

"என்னண்ணா வித்தியாசம்?"

"மூடினா குழாயை அறுத்துட்டுப் போயிடுவாங்க. மூடி வெச்சா, என்னை உக்கார வெப்பாங்க."

"அடுத்த கிணத்துக்கு யாராச்சும் இடம் பாக்க வந்தாங்களா?"

"மண்காரர் மட்டும் மாசத்துக்கு ஒரு தடவை வருவாரு. குழாய் பக்கத்துல கொஞ்ச நேரம் நிப்பாரு. போயிடுவாரு."

திரும்பி வந்து ஒவ்வொரு பிரிவாக ஏறி இறங்கினாள். மிஷினுக்கு ஒப்பந்தம் இல்லை. பணத்துக்கு அனுமதி இல்லை. அனுமதி கேட்ட விண்ணப்பம்கூட இல்லை.

"வேலை நடக்குதுன்னு ஒரு தாள் இல்ல சார்," என்றாள் நிதி மேலாளரிடம்.

"கடிதம் இருக்கே?"

"அதுல இருக்கிறது அவரோட நம்பிக்கை சார்."

"செலவுன்னு எழுதினா இந்த வருஷம் நஷ்டம். தெரியுமில்ல?"

"தெரியும் சார். வேற எப்படி எழுதறதுன்னுதான் தெரியல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். செலவு என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டார். "மண்காரர்கிட்ட நீயே சொல்லிடு."

மண்காரர் சத்தம் போடவில்லை. "உங்க வேலையை நீங்க செஞ்சீங்க," என்றார். ஒரு மாதத்தில் வேலையை விட்டுவிட்டார். உன்னால்தான் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. உன்னால் இல்லை என்றும் சொல்லவில்லை.

பதினாலு மாதம் கழித்து எண்ணெய் விலை ஏறியது. புதிதாக வந்த நிர்வாகம் ஏழாம் கிணற்றுக்குப் பக்கத்திலேயே துளை போட்டுப் பார்த்தது. தாராளமாகக் கிடைத்தது. பழைய குழாயையும் திறந்தார்கள். அதிலும் வந்தது.

அவள் நிதி மேலாளரிடம் ஓடினாள். "சார், அந்த நாப்பத்திரண்டு கோடியைத் திரும்ப சொத்துக்குக் கொண்டு வந்துடலாமா?"

"முடியாதும்மா. நம்ம விதிப்படி செலவுன்னு எழுதினது எழுதினதுதான்."

"தினமும் எண்ணெய் வருதே சார்! புத்தகத்துல பூஜ்யம்னு நிக்குதே?"

"நிக்கட்டும்."

"அப்போ நான் எழுதினது தப்பா?"

"அன்னிக்கு அது சரி."

"இன்னிக்கு?"

"அன்னிக்கு எழுதினது இன்னிக்கும் சரிதான்," என்று சொல்லிவிட்டு, தனக்கே அது புரிந்ததா என்று யோசிப்பவர் போல் ஜன்னலைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் மண்காரரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "சார், ஏழாம் நம்பர்ல எண்ணெய் வருது," என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

திட்டுவார் என்று காத்திருந்தாள்.

"எத்தனை மீட்டர்ல?"

அவளுக்குத் தெரியவில்லை. இருங்க சார் என்று இரண்டு மாடி இறங்கி ஓடி, கேட்டுக்கொண்டு வந்தாள். "ரெண்டாயிரத்து நூத்தி அம்பத்திரண்டு."

"நான் போட்ட கணக்குக்குப் பன்னெண்டு மீட்டர் கீழ." சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. "நான் ஒரு தடவை வந்து பாக்கலாமா?"

"வாங்க சார். நானும் வரேன்."

வெளியாட்களுக்கான அனுமதிச் சீட்டை எடுத்தாள். பெயர், முகவரி எழுதினாள். வருகையின் காரணம் என்ற இடத்தில் ஏதோ எழுதி அடித்தாள். பிறகு, 'கிணறு பார்க்க' என்று எழுதிக் கொடுத்தாள்.