லிஃப்ட் கதையின் முடிவு

ஜலஜாவுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது ஆடி மாதத்தில். அதற்கு முன்னால் அவளும் நல்ல மனுஷிதான்.

மந்தைவெளியில் வக்கீல் வேதாந்தத்தின் மொட்டை மாடிக் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு கூட்டம் நடக்கும். கொலை, துரோகம், கெட்ட எண்ணம் என்று மனசின் இருட்டைப் பேசுகிற சிறுகதைகள் மட்டும்தான் அங்கே படிக்கப்படும். எழுதியவர் தன் பெயரைப் போடாமல் டைப் அடித்துக் கீழே வாசல் பெட்டியில் போட்டுவிட வேண்டும். கடைசிப் பக்கத்தை மட்டும் தனி உறையில் ஒட்டிவைக்க வேண்டும். குரல் நன்றாக இருக்கிறது என்பதால் உரக்கப் படிப்பது ஜலஜாவின் வேலை. கடைசிப் பக்கத்துக்கு முன்னால் நிறுத்திவிடுவாள். அங்கேதான் ஆட்டமே. பயம் எந்த வரியில் ஆரம்பித்தது, பாத்திரம் உள்ளுக்குள் எதற்கு ஆசைப்படுகிறது, கதை உண்மையில் எதைப் பற்றியது என்று பிரித்து மேய்ந்துவிட்டு, ஆளுக்கொரு முடிவு சொல்வார்கள். அப்புறம் உறையைக் கிழித்துக் கடைசிப் பக்கம் படிக்கப்படும். எழுதியவர் விரும்பினால் கை தூக்கலாம், இல்லாவிட்டால் கமுக்கமாக இருந்துவிடலாம்.

பல வருஷங்களாக முடிவைச் சரியாகச் சொல்பவள் ஜலஜாதான். எப்போதும் அவள்தான் கடைசியாகப் பேசுவாள். “ஜலஜா சொல்லிட்டா அப்பீல் கிடையாது” என்பார் வேதாந்தம். அடையாற்றில் தனியாக இருந்துகொண்டு, கல்லூரியில் தூங்குமூஞ்சிப் பிள்ளைகளுக்கு வணிகவியல் நடத்துகிற பெண்ணுக்கு, வாரம் முழுவதும் ஓட்டுவதற்கு அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

ஆடியில் தபஸ்ஸும் வந்தாள். தி. நகரில் பல் டாக்டர். முதல் நாளே “அக்கா” என்று ஒட்டிக்கொண்டாள். யாருக்கு யார் அக்கா? வந்த இரண்டாவது வாரமே ஜலஜா கோட்டைவிட்ட முடிவைச் சொன்னாள், அதற்கடுத்த வாரமும் சொன்னாள். சொல்லும்போது அலட்டிக்கொள்ளவும் இல்லை. அலட்டியிருந்தால் ஜலஜாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஒருநாள் வேதாந்தம் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, “தபஸ்ஸும் சொல்லிட்டா அப்பீல் கிடையாது” என்றார். அன்றைக்கு ராத்திரி ஜலஜாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அதுவரை ஒரு வரி கூடக் கதை எழுதாதவள், அந்த எரிச்சலில் ஒரு கதை எழுதினாள். திட்டம் இதுதான்: தபஸ்ஸும் தப்பான முடிவைச் சொல்ல வேண்டும், தான் சரியான முடிவைச் சொல்ல வேண்டும். தானே எழுதிய கதையின் முடிவைத் தானே கண்டுபிடிப்பது திருட்டுத்தனம் இல்லையா என்று மனசு கேட்டது. வாயை மூடு என்று அதை அடக்கிவிட்டுப் பெட்டியில் போட்டாள்.

கதை இது. மயிலாப்பூரில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடம். மூன்றாவது மாடியில் எதிரெதிர் வீடுகளில் இரண்டு பெண்கள். பழையவளுக்குப் புதிதாகக் குடிவந்தவளைக் கண்டால் ஆகாது, ஏனென்றால் கட்டடமே புதியவளைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. லிஃப்ட் கெட்டுப்போயிருக்கிறது. மேலே கம்பிக் கதவு திறக்கும், ஆனால் பெட்டி கீழேயே நிற்கும். இது பழையவளுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு மத்தியானம் புதியவள் போனில் பேசிக்கொண்டே அந்தக் கதவை இழுக்கிறாள். பழையவள் தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த இடத்தில் ஜலஜா நிறுத்தினாள். டம்ளர்களில் காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

“பேய்தான் சார்,” என்றார் பொன்ராஜ். இன்ஷூரன்ஸ்காரர், எந்தக் கதைக்கும் அவருக்கு இதுதான் முடிவு. “லிஃப்ட்டுக்குள்ள இன்னாமோ கீது சார்.”

“போன வாரம் கெணத்துலயும் இருந்துதே ஓய்,” என்றார் வேதாந்தம். “தபஸ்ஸும், நீ சொல்லு.”

தபஸ்ஸும் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள். “சஸ்பென்ஸ் லிஃப்ட்டுல இல்ல சார், அந்தம்மா வாய்ல இருக்கு. தொறப்பாங்களா, மாட்டாங்களா? அதுக்குத்தான் நமக்கு மூச்சு முட்டுது.”

“பாத்திரம்?”

“புதுசா வந்தவ இன்னா சமைக்கிறா, எப்ப சிரிக்கிறா, எந்தச் செருப்பு போட்டுக்கினு போறா, எல்லாமே இந்தம்மாவுக்கு மனப்பாடம். புடிக்காதவங்கள யாரு சார் இவ்ளோ உத்துப் பாப்பாங்க? அவ சாவணும்னு இவங்களுக்கு ஆசையே இல்ல. அவ ஒருவாட்டி இவங்கள திரும்பிப் பாக்கணும், அவ்ளோதான். எல்லாரும் இது பொறாமைக் கதைன்னு சொல்வீங்க. எனக்கு என்னமோ தனியா கெடக்கறதப் பத்தின கதைன்னு தோணுது.”

ஜலஜாவுக்குக் காது சுட்டது. இத்தனை வயதில் அவளை யாரும் இவ்வளவு சரியாகப் படித்ததில்லை. எழுதும்போது அவளுக்கே தெரியாமல் உள்ளே போனதைக்கூட இந்தப் பெண் எடுத்து வெளியே வைத்துவிட்டாள். மறைப்பானேன், ஒரு நொடி அவளுக்கு அழுகை வருகிற அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

“முடிவு?” என்று கேட்டார் வேதாந்தம்.

“கத்திடுவாங்க சார். ‘நில்லு’ன்னு. அவ பொழச்சுக்குவா. ஓடியாந்து கட்டிப் புடிச்சு அழுவா. இனிமே தெனமும் அவ நன்றி சொல்லிக்கினே இருப்பா, இவங்க வாங்கிக்கினே இருக்கணும். அதான் இவங்களுக்குத் தண்டன.”

உறைக்குள் இருந்தது அதேதான், ஏறக்குறைய வார்த்தைக்கு வார்த்தை.

“ஆஹா!” என்று தொடையில் தட்டினார் வேதாந்தம். “ஜலஜா, நீ என்ன சொல்றே? இதுக்கு மேல சொல்ல என்ன இருக்கு?”

சந்தோஷம் அங்கேயே பொசுங்கிப் போயிற்று. ஆமாம் என்று சொன்னால் தபஸ்ஸுமுக்குப் பின்பாட்டுப் பாடியதாகும். தன் கதையிலேயே தான் இரண்டாவது ஆளாகிவிடுவதா?

“விழுந்துடுவா,” என்றாள் ஜலஜா.

சொன்ன பிறகு அவளுக்கு வேறு வழியில்லை. உறையைக் கிழித்தாள். தாளைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அதில் இல்லாததைப் படித்தாள்.

“அவள் கால் வைத்தாள். காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. பழையவள் தன் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டாள். உள்ளே…” வேறு ஒன்றும் தோன்றவில்லை. “உள்ளே குக்கர் விசில் அடித்தது.”

“அவ்ளோதானா?” என்றார் பொன்ராஜ். “இதுக்கு என் பேயே தேவலாம் போலக் கீதே!”

“ஜலஜா சொன்னது சரி,” என்றார் வேதாந்தம், உற்சாகமே இல்லாமல். “ஆனா, இப்படி ஒரு கதைய எழுதிண்டு வந்து, கடைசில யாராவது போட்டு உடைப்பாளோ? யார் எழுதினது?”

யாரும் கை தூக்கவில்லை. ஜலஜாவின் கை மடியிலேயே கிடந்தது.

“போகட்டும். முடிவு எப்படி இருந்தாலும் இந்த வருஷம் வந்ததுல இதுதான் கதை. நம்ம கூட்டத்தோட ஆண்டு மலர்ல போட்டுடலாம். தபஸ்ஸும், நீதானே டைப் பண்றே, எடுத்துண்டு போ.”

“நானே அடிச்சுத் தரேன்,” என்று ஜலஜா வாயெடுப்பதற்குள் பொன்ராஜ் அவள் மடியிலிருந்த தாள்களை அள்ளித் தபஸ்ஸுமிடம் கொடுத்துவிட்டார்.

மற்றவர்கள் கீழே இறங்கிச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தபஸ்ஸும் நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் படித்தாள். படித்து முடித்து, திரும்பவும் படித்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஜலஜாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“நீங்க எழுதனதா அக்கா?” என்றாள் தணிந்த குரலில்.

இப்போது சிரிப்பாள், இப்போது வேதாந்தத்தைக் கூப்பிடுவாள் என்று ஜலஜா காத்திருந்தாள். கூப்பிட்டுத் தொலையட்டும். அப்புறம் இவளை நிம்மதியாக வெறுக்கலாம்.

“நான் சொன்னதவிட இது ரொம்ப நல்லா கீதுக்கா,” என்றாள் தபஸ்ஸும். “நன்றி சொல்றவ கை, இவங்க தோள்ல சூடா இருக்குதுன்னு எழுதியிருக்கீங்களே, அந்த வரிக்காகவே ரெண்டுவாட்டி படிச்சேன். எழுதனவங்க முடிவ மாத்தி அனுப்பிட்டாங்கன்னு சார்கிட்ட சொல்லிடறேன். நீங்க மாத்திப் படிச்சது யாருக்கும் தெரியாது, சத்தியமா. இதையே அடிச்சிடட்டா?”

ஜலஜா அந்தத் தாளைப் பார்த்தாள். ராத்திரியெல்லாம் கண் விழித்து எழுதியது. வாழ்க்கையில் அவள் செய்ததிலேயே நல்ல காரியம் அந்தப் பக்கம்தான், அது அவளுக்கே தெரியும். அச்சில் வந்தால் ஊரே கொண்டாடும். கூடவே, அன்றைக்குத் தபஸ்ஸும் சொன்னாளே, அதேதான் என்றும் சொல்லும். இத்தனைக்கும் நடுவில் இவள் நல்லவளாக வேறு இருந்து தொலைக்கிறாளே!

“வேண்டாம்,” என்றாள். “நான் படிச்சதையே அடி.”

தபஸ்ஸும் அவள் முகத்தையே பார்த்தாள். “அந்தக் குக்கர் விசிலுமாக்கா?”

“விசிலோட,” என்றாள் ஜலஜா. தாளை அவள் கையிலிருந்து வாங்கி நாலாகக் கிழித்து, ஆறிய காப்பி டம்ளருக்குள் போட்டாள்.