சாவி திருகும்போது பேசக் கூடாது

பழைய காராக வாங்கியது. அப்பா சாவியைத் திருகும்போது யாராவது வாய் திறந்தால் அது முரண்டு பிடிக்கும் என்பது அந்த வீட்டுச் சட்டம். காரின் தகுதிச் சோதனைக்குக் கிளம்பிய அன்றும் அம்மாவும் மகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரே திருகலில் கிளம்பியது. அப்பாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

சோதனை முடித்த அதிகாரி தாளை நீட்டினார். "ஃபெயில் சார். பிரேக் தேஞ்சே போச்சு. குழந்தைய வச்சுக்கிட்டு இதைப் பார்க்க வேணாமா?"

அப்பா அசடு வழிந்தார். "கிளம்புமாங்கிற கவலையிலயே ஆறு வருஷம் ஓடிடுச்சு சார். நிக்குமான்னு யோசிக்கவே இல்ல."

"எதிர்லயே பட்டறை இருக்கு. மெதுவா ஓட்டிட்டுப் போங்க. சரிபண்ணிட்டு வாங்க, நான் இருக்கேன்."

மறுபடியும் ஒரே திருகலில் கிளம்பியது. யாரும் சந்தோஷப்படவில்லை. பட்டறை வாசலில் அது நிற்கும்வரை மூன்று பேரும் மூச்சே விடவில்லை.